ஜூன் கடைசியில் திறக்கும் கணவாய்கள்

துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் ரோஸ்வித்தா விழுந்தாள். கையிலிருந்த படுக்கை விரிப்போடு அப்படியே புல்லில் சரிந்துவிட்டாள். அவள் கணவன் எக்கார்ட் கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்தபோது அவள் கண் திறந்துதான் இருந்தது. வாய் மட்டும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி, அதற்குப் பிறகு கை கால் பயிற்சி கொடுக்கும் நிலையம் என்று அந்தக் குளிர்காலம் முழுக்கப் போயிற்று. வீட்டுக்குத் திரும்பி வந்தபோது வலது கையும் வலது காலும் அவள் சொன்னபடி கேட்கவில்லை. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது "இல்ல", "வா" என்ற இரண்டு சொற்களும், கோபம் வந்தால் ஒரு கெட்ட வார்த்தையும்தான். கெட்ட வார்த்தை மட்டும் சுத்தமாக வரும்.

எங்கள் நாலு பேரில் அதிகம் பேசியவள் அவள். எக்கார்ட்டும் என் கணவன் லோத்தாரும் பிளெட்டன்பெர்க்கில் ஒரே இரும்பு ஆலையில், ஒரே சம்மட்டி இயந்திரத்தின் முன்னால் காது போகிற அளவுக்கு வேலை செய்தவர்கள். கோடை வந்துவிட்டால் சனி, ஞாயிறு எங்களுக்கு வீடு தங்காது. இரண்டு மோட்டார் சைக்கிள், நாலு பேர். நான் லோத்தாரின் முதுகைக் கட்டிக்கொண்டு வளைவு வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன். ரோஸ்வித்தா அப்படியில்லை. எக்கார்ட்டுக்குப் பின்னால் வரைபடத்தை மடியில் மடித்து வைத்துக்கொண்டு உட்காருவாள். அவன் இடது தோளில் தட்டினால் இடதுபக்கம், வலது தோளில் தட்டினால் வலதுபக்கம். தலையில் ஒரு குட்டு வைத்தால் வழி தப்பிவிட்டது என்று அர்த்தம்.

எல்லாம் சின்னச் சின்னப் பயணங்கள். பெரிய பயணம் ஒன்று பாக்கி இருந்தது. வோஜ் மலையில் ஏறி, ஜூரா வழியாக சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்து, கிரிம்ஸெல், ஃபுர்க்கா கணவாய்களைக் கடந்து, இத்தாலி எல்லையில் ஸ்டெல்வியோவின் கொண்டை ஊசி வளைவுகளை ஒன்றுவிடாமல் ஏறி, டோலமைட் பாறைகளுக்கு நடுவே இறங்கி, ஆஸ்திரியா வழியாக வீடு திரும்புவது. கல்யாணமான புதிதிலிருந்து பேசிக்கொண்டிருந்தோம். முதலில் அவர்கள் மகள் ஸில்கே பிறந்தாள். பிறகு ஆலையில் ஆள் குறைப்பு வந்தது, லீவு கேட்க எல்லாருக்கும் பயம். அப்புறம் லோத்தாரின் முழங்கால். லோத்தாரும் ஓய்வு பெற்ற பிறகுதான் இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று ஆயிற்று. அதற்குள் ரோஸ்வித்தா விழுந்துவிட்டாள்.

அவள் படுத்து ஒரு வருஷம் கழிந்த குளிர்காலத்தில், லோத்தார்தான் அந்தப் பேச்சை மறுபடி எடுத்தான். "அவன் அந்த வீட்டுக்குள்ளயே மக்கிப் போறான் கெர்லிண்டே. ரெண்டு வாரம் வெளிய இழுத்துட்டுப் போகலேன்னா அவள விட இவன் மோசமாயிடுவான்" என்றான். எக்கார்ட் வீட்டை விட்டு நகர முடியாது என்பதால் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் நாங்கள் அங்கே போனோம். ஆண்கள் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து உட்கார்ந்துகொண்டார்கள். நான் பக்கத்து அறையில் ரோஸ்வித்தாவின் கட்டிலருகே உட்கார்ந்தேன். அவளுக்குப் புரையேறினால் எக்கார்ட்டுக்குக் கேட்க வேண்டும் என்று கதவு எப்போதும் திறந்தே இருக்கும். அதனால் அவர்கள் பேசுவது முழுவதும் எங்கள் இருவர் காதிலும் விழும்.

"டேய், ஜூன் ஒண்ணாந்தேதி கெளம்பினா என்ன?" என்றான் லோத்தார். "பள்ளிக்கூட லீவுக்கு முன்னாடி. ரூம் ஈசியா கெடைக்கும்."

"செரி. மொத நாள் கோல்மார்ல தங்குறோம். அங்கேருந்து ஜூரா. மூணாவது நாள் ஃபுர்க்கா."

"இல்ல" என்றாள் ரோஸ்வித்தா. "இல்ல. இல்ல."

"என்னடி? தண்ணியா? தலகாணி சரியில்லையா?"

அவள் இடது கையால் போர்வை உறையைப் பிடித்து இழுத்தாள். வெள்ளை உறை. அதைத் தட்டினாள். சமையலறைப் பக்கம் பார்த்தாள். மறுபடி தட்டினாள். நான் புரியாமல் விழித்ததும் அந்தக் கெட்ட வார்த்தை வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகுதான் புரிந்தது.

"பனியா? கணவாய்ல பனி இருக்கும்ங்கிறியா?"

தலையைத் தலையணையில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பாடா என்பதுபோல.

நான் சமையலறையைப் பார்த்துக் கத்தினேன். "ஏய், ஜூன் மொத வாரம் ஃபுர்க்காவ தெறந்திருக்க மாட்டாங்களாம். பனி கெடக்குமாம்!"

"யார் சொன்னா?"

"உங்க பின்சீட்டுக்காரிதான்."

லோத்தார் மேசையில் ஓங்கி அடித்துக்கொண்டு சிரித்தான். "அடக் கடவுளே! ரெண்டு கெழட்டுக் கழுதையும் பனிச்சுவத்துல போய் முட்டிட்டு நின்னிருப்போம்!" எக்கார்ட் சிரிக்கவில்லை. எழுந்து வந்து கதவருகில் நின்றான். அவளுக்கு எவ்வளவு புரிகிறது என்று டாக்டர்களே ஆளுக்கொன்று சொல்லியிருந்தார்கள். "நீ எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருக்கியா?" என்றான்.

"வா" என்றாள் அவள். அவன் போய் அவளுடைய நல்ல தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே குனிந்து நின்றான்.

அதற்குப் பிறகு கட்டிலைத் திருப்பிப் போட்டோம். படுத்தபடியே அவளுக்குச் சமையலறை மேசை தெரியும். கிளம்பும் நாள் ஜூன் கடைசிக்குத் தள்ளிப்போயிற்று. ஆண்கள் உரக்கப் பேசத் தொடங்கினார்கள். பாதை எங்காவது பிசகினால் உள்ளே "இல்ல" என்று குரல் வரும். என்ன தப்பு என்று கண்டுபிடிப்பதற்குள் அவர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். எக்கார்ட் ஞாயிற்றுக்கிழமையானால் சவரம் செய்துகொண்டு காத்திருந்தான். அந்த இரண்டு மாதம்தான், அவள் விழுந்ததற்குப் பிறகு அந்த வீட்டில் யாராவது சிரித்து நான் கேட்டது.

இரண்டு வாரம் அவளை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. ஸில்கே ஹாம்பர்கில் இரண்டு சின்னக் குழந்தைகளோடு இருந்தாள். அவளால் சனி, ஞாயிறு மட்டும்தான் வர முடியும். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "உன் முதுகு தாங்குமா? தூக்கணும், திருப்பணும், கழுவணும். அப்புறம் உன்னையும் ஒரு கட்டில்ல போட வேண்டியதுதான்" என்றான் எக்கார்ட். பக்கத்து ஊரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில், ஜூனில் கொஞ்ச நாளுக்கு ஒரு படுக்கை கிடைத்தது. அதற்கு முன்னால் ஏப்ரலில் சனி, ஞாயிறு மட்டும் ஒரு ஒத்திகை பார்க்கலாம் என்றார்கள். "நான் போகட்டுமா?" என்று எக்கார்ட் அவளிடமே கேட்டான். அவள் இடது கையால் அவன் நெஞ்சைப் பிடித்துத் தள்ளினாள். போ போ என்று தள்ளினாள்.

வெள்ளிக்கிழமை அவளைக் கொண்டுபோய் விட்டபோது அங்கிருந்த பெண்ணிடம் எக்கார்ட் விளக்கிச் சொன்னான். "அவ 'இல்ல'ன்னு சொல்றத கணக்குல எடுக்காதீங்க. வேற வார்த்தை வராது. வேணும்னாலும் 'இல்ல'தான், வேணாம்னாலும் 'இல்ல'தான். கண்ணப் பாத்தா தெரிஞ்சிடும்." அந்தப் பெண் நல்லபடியாகத்தான் கேட்டுக்கொண்டாள். ஆனால் சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை.

ஆண்கள் இருவரும் மோசெல் ஆற்றங்கரைக்குப் போயிருந்தார்கள். நான் காஸெலில் தங்கை மகளின் சர்ச் விழாவில் இருந்தேன். ஞாயிறு மதியம் எக்கார்ட்டுக்கு போன் வந்தது. அவளை ஆம்புலன்ஸில் கொண்டுபோயிருந்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் மழை. "அவன் பின்னாடி என்னால ஓட்டவே முடியல. வளைவுல கால் தரையில ஒரசுது. இன்னைக்கி ரெண்டு பேர்ல ஒருத்தர் போயிடுவாங்கன்னு நெனச்சேன்" என்று லோத்தார் பிறகு சொன்னான்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எக்கார்ட் தோல் உடையோடு நின்றுகொண்டிருந்தான். உடையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் தேங்கியிருந்தது. ரோஸ்வித்தாவுக்கு ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெடித்து, கண் குழிந்து, யாரோ மாதிரி கிடந்தாள். கூட வந்திருந்த இல்லத்துப் பெண் வேறொருத்தி, அழும் நிலையில் இருந்தாள்.

"ரெண்டு நாளா நாங்களும் கேட்டுட்டேதான் இருந்தோம். சூப் வேணுமான்னா இல்லங்கறாங்க. தண்ணி வேணுமான்னா இல்லங்கறாங்க. கட்டாயப்படுத்தக் கூடாதும்மா."

"அவ கேட்டுட்டேதான் இருந்திருக்கா" என்றான் எக்கார்ட். சத்தம் போடவில்லை. "ரெண்டு நாளா தண்ணி குடுங்க, தண்ணி குடுங்கன்னு கேட்டிருக்கா."

மே மாதம் அவள் வீடு வந்து சேர்ந்தாள். வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை போனோம். ருபார்ப் தண்டு போட்டு நான் கேக் செய்து கொண்டுபோயிருந்தேன். ஆண்களுக்கு ஆளுக்கொரு துண்டு வைத்துவிட்டு ரோஸ்வித்தாவிடம் வந்து உட்கார்ந்தேன். மேசையில் அன்றைக்கு வரைபடம் இல்லை.

"வேற வழி பாப்போம். ரெண்டு வாரம் வேணாம், ஒரே வாரம். ஸில்கேய வரச் சொல்லு" என்றான் லோத்தார்.

"வேணாம். நான் அவள விட்டுட்டு எங்கயும் வரல."

"செரிடா. ஜூன் வேணாம். செப்டம்பர்?"

"செப்டம்பரும் இல்ல."

"அப்ப எப்பதான்டா?"

"அடுத்த வருஷம்" என்றான் எக்கார்ட். "அடுத்த வருஷம் ஜூன்ல கண்டிப்பா போலாம்."

"அடுத்த வருஷம் மட்டும் என்ன மாறிடப் போவுது?"

லோத்தார் எதையும் யோசித்துக் கேட்கவில்லை. அவன் அப்படித்தான், வாய்க்கு வந்ததைக் கேட்பவன். ஆனால் கேட்ட பிறகு கேக்கைக் கிண்டிக்கொண்டிருந்த முள்கரண்டி நின்றுவிட்டது. மாறக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. நாற்காலி நகர்ந்தது. எக்கார்ட் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டான். எதையும் கழுவவில்லை. தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு ரோஸ்வித்தாவின் பக்கம் திரும்பத் துணிவில்லை. திரும்பியபோது அவள் சமையலறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபமில்லை. உதடு அசைந்தது. எதையோ மென்று மென்று வெளியே தள்ளுவதுபோல, "அடுத்த... வருஷம்" என்றாள்.

ஒன்றரை வருஷத்தில் அவள் வாயில் வந்த முதல் புதுச் சொல்.

"அப்படி இல்லடி" என்றேன் நான். "அவன் அத நெனச்சு சொல்லல. சத்தியமா."

அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அழும் குழந்தையைச் சமாதானப்படுத்துவது மாதிரி.

அந்த வாரத்திலிருந்து அவள் சாப்பிடவில்லை. முதலில் பாதி கிண்ணம், பிறகு இரண்டு வாய், பிறகு வாயைத் திறக்கவே இல்லை. டாக்டர் வந்து தொண்டையைப் பார்த்தார். விழுங்குவதில் குறையில்லை என்று சொல்லி, மனச்சோர்வுக்கு ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். எக்கார்ட் அவளுக்குப் பிடித்ததையெல்லாம் செய்து பார்த்தான். உருளைக்கிழங்கு சூப், ரவைக் கஞ்சி, ஆப்பிளை வேகவைத்து மசித்தது. "இல்ல" என்றாள்.

தோட்டத்து வாசலில் என்னை நிறுத்தி வைத்துச் சொன்னான். "கண்ணப் பாத்தேன் கெர்லிண்டே. கண்ணும் இல்லங்குது. இதுவரைக்கும் அப்படி நான் பாத்ததே இல்ல. ஏன்னு எனக்குப் புரியல."

எனக்குப் புரிந்திருந்தது. இரண்டு நாளாகச் சொல்வதா வேண்டாமா என்று குமைந்துகொண்டிருந்தேன். லோத்தாரிடம் கேட்டபோது, "சொன்னா அவன் செத்துடுவான்" என்றான். சொல்லாவிட்டால் அவள் செத்துவிடுவாள்.

"அன்னைக்கி நீங்க பேசுனது அவளுக்குக் கேட்டுது" என்றேன்.

"எது?"

"அடுத்த வருஷம்னு சொன்னியே, அது. அவ திருப்பிச் சொன்னா. வாய்விட்டுச் சொன்னா."

வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் என்னைப் பார்த்தான். "கத கட்டாத. நான் அந்த அர்த்தத்துல சொல்லல."

"தெரியும்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த அர்த்தத்துலதான் சொல்லியிருக்கேன். வாயில வந்ததுக்கப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. அதான் கொழாயத் தொறந்து விட்டுட்டு நின்னேன். உங்க யார் மூஞ்சிலயும் முழிக்க முடியல."

அந்த வார முடிவிலேயே அவன் மோட்டார் சைக்கிளை விற்றான். ஸீகெனிலிருந்து ஓர் ஆள் வேனோடு வந்தார். கொட்டகையிலிருந்து வண்டியை நேராக வேனில் ஏற்றியிருக்கலாம். எக்கார்ட் ஒப்பவில்லை. வீட்டைச் சுற்றித் தானே தள்ளிக்கொண்டு வந்து ரோஸ்வித்தாவின் ஜன்னலுக்கு நேரே நிறுத்தி, அங்கிருந்து ஏற்றச் சொன்னான். அவளைத் தூக்கி உட்காரவைத்து நான் பின்னால் முட்டுக்கொடுத்திருந்தேன். என் கைக்குள் அவள் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. வேன் கிளம்பியதும் எக்கார்ட் உள்ளே ஓடி வந்தான்.

"பாத்தியா? வண்டி இல்ல. இனிமே எந்தப் பேச்சும் இல்ல. அடுத்த வருஷமும் இல்ல, அதுக்கடுத்த வருஷமும் இல்ல. நான் எங்கயும் போகல. நீ சாப்பிடு."

அவள் அழுதாள். பாதி முகம்தான் அழுதது. அவன் பாக்கியிருந்த வாழ்க்கையைத் தானே வாசலில் வைத்து ஏற்றி அனுப்பிவிட்டதைப் பார்த்து அழுதாளா, தான் நினைத்தது நடக்கவில்லையே என்று அழுதாளா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் ரவைக் கஞ்சியைக் கொண்டுவந்தான். மூன்று கரண்டி வாங்கிக்கொண்டாள். மறுநாள் கிண்ணத்தைக் காலி செய்தாள். டாக்டர், மருந்து வேலை செய்கிறது என்றார்.

ஜூன் கடைசியில் லோத்தார் தனியாகக் கிளம்பினான். நான் தடுக்கவில்லை. ஏற்பாடு செய்த அறைகள் எல்லாம் இருந்தன, கணவாய்களும் திறந்துவிட்டார்கள். நாலாவது நாள் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. வோஜ் மலையைக்கூட அவன் தாண்டவில்லை.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ரோடு நல்லா இருந்துச்சு. வெயில் அடிச்சுது." தலைக்கவசத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். "சாப்பிட ஒக்காந்தா எதுக்க யாருமில்ல. அவன் மேல கோவம் வந்துச்சு. அப்புறம் அவ மேல கோவம் வந்துச்சு கெர்லிண்டே. படுத்துக் கெடக்குறவ மேல. என்னடா மனுஷன் நீன்னு எனக்கே கேவலமா இருந்துச்சு. திரும்பிட்டேன்."

இலையுதிர் காலத்தில் மறுபடி ஞாயிற்றுக்கிழமைகளில் போக ஆரம்பித்தோம். ஆண்கள் அதே மேசையில் உட்கார்ந்தார்கள். கொதிகலன் மாற்ற வேண்டும் என்று பேசினார்கள். கூரை மழைநீர்க் குழாயில் இலை அடைத்துக்கொள்வதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு பேச ஒன்றுமில்லாமல் காபியைக் குடித்தார்கள். ரோஸ்வித்தா அந்தக் கதவையே பார்த்தபடி படுத்திருப்பாள். ஒரு ஞாயிறு என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "வா" என்றாள். சமையலறையைக் காட்டினாள். விரலால் போர்வையின் மேல் ஒரு கோடு போட்டாள். வளைந்து வளைந்து, மேலே மேலே போகும் கோடு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இரண்டு மாதம் அவர்கள் பேசப் பேச இவளும் போய்க்கொண்டிருந்தாள்.

நான் சமையலறைக்குப் போனேன். "அந்த ரோட்டப் பத்திப் பேசுங்க. போறதுக்கு இல்ல. சும்மா. அவளுக்குக் கேக்கணுமாம்."

லோத்தார் எக்கார்ட்டைப் பார்த்தான். எக்கார்ட் கோப்பையைக் கீழே வைத்தான். "அந்தப் பேச்சு இந்த வீட்ல வேணாம்."

"அவளே கேக்குறா எக்கார்ட்."

"அந்தப் பேச்சுலதான் அவ பட்டினி கெடந்தா. எலும்பும் தோலுமா நீதான தாங்கிப் பிடிச்ச? மறுபடியும் என்ன அந்த மேசைல ஒக்கார வெக்காத. பேச ஆரம்பிச்சா எனக்கு ஆச வரும். ஆச வந்தா அவளுக்குத் தெரிஞ்சிடும்."

நான் திரும்பிப் போய்க் கட்டிலருகே உட்கார்ந்தேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மெல்ல மெல்ல நாங்கள் போவது குறைந்தது. லோத்தாருக்கு ஏதாவது ஒரு காரணம் கிடைத்தது. எனக்கும் கிடைத்தது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்பு நான் மட்டும் பிஸ்கட் டப்பாவோடு போனேன். காலையில் வந்து கழுவிவிட்டுப் போகும் தாதி வானொலியை அணைக்காமல் போயிருந்தாள். பாட்டு முடிந்து போக்குவரத்துச் செய்தி வந்துகொண்டிருந்தது. எந்தச் சாலையில் எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவே நெரிசல், எங்கே விபத்து, தெற்கே எந்தக் கணவாயில் சக்கரத்துக்குப் பனிச் சங்கிலி மாட்டாமல் போக முடியாது என்று ஒருத்தி வேகவேகமாக வாசித்துக்கொண்டிருந்தாள். ரோஸ்வித்தா கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை. ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் அவள் இடது கை விரல் போர்வையின் மேல் கொஞ்சம் நகர்ந்தது.

எக்கார்ட் சூப் கிண்ணத்தோடு உள்ளே வந்தான். "இந்தச் சனியன இன்னும் யாரும் நிறுத்தலியா? பாவம், தூங்க விடாம" என்று வானொலியை அணைத்தான்.

அவள் கண்ணைத் திறந்தாள். அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கரண்டியை ஊதி ஆற்றி நீட்டினான். அவள் வாயைத் திறந்தாள்.